நியூஸ்குரூப் சர்வரோடு பைத்தானில் பேசுவது: சேலத்துத் தம்பி ஒருவருக்கு நீண்ட பதில்

கேள்வி இதுதான். சேலத்தில் இறுதியாண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் தம்பி ஒருவர், சாக்.கல்ச்சர்.தமிழ் என்ற யூஸ்நெட் (இணையத்தின் பழைய விவாதக் குழுக்களின் வலை) குழுவின் பதிவுகளைப் பைத்தான் வழியாக இறக்கி, இணையத்தில் தமிழ் எழுத ஆரம்பித்த காலத்தைப் பற்றி ப்ராஜெக்ட் செய்யப் பார்க்கிறார். பழைய புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்த பத்து வரி நிரல் கையில் இருக்கிறது. அவருடைய லேப்டாப்பில் ஓட்டினால் என்என்டிபிலிப் என்று, நியூஸ் சர்வரோடு பேச உதவும் மாட்யூலே இல்லை என்கிறது. நண்பனின் பழைய லேப்டாப்பில் ஓடுகிறது, ஆனால் பாதியில் நின்றுவிடுகிறது. வந்தவரைக்கும் பார்த்தால் சில பதிவுகளில் தமிழ் இருக்கவேண்டிய இடத்தில் தலையில் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள். நிரலில் எந்த வரி தப்பு, பைத்தானிலிருந்து பதிவு போடுவது எப்படி என்று கேட்கிறார்.

தம்பி, வரி எதுவும் தப்பில்லை. அந்தப் பத்து வரி எழுதப்பட்ட காலத்தில் அது சரியாகத்தான் ஓடியிருக்கும். கீழே இருக்கும் தரை நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

முதலில் மாட்யூல் காணாமல் போனது. பைத்தான் கூடவே வரும் நூலகங்களில் ஆள் புழக்கம் குறைந்தவற்றைக் கழித்துக் கட்ட பெப் 594 என்று (பெப் என்பது பைத்தானில் மாற்றங்களை முன்மொழியும் ஆவணம்) ஒரு முடிவு எடுத்தார்கள். அந்தப் பட்டியலில் என்என்டிபிலிப்பும் இருந்தது. 3.11-இல் ‘இது போகப்போகிறது’ என்று எச்சரிக்கை போட்டார்கள், 2024 அக்டோபரில் வந்த 3.13-இல் எடுத்தே விட்டார்கள். காரணம் படிக்க வேடிக்கையாக இருக்கும்: இந்த மாட்யூலைச் சோதிக்க வெளியே இருக்கும் நியூஸ் சர்வர்களை நம்பவேண்டியிருந்தது, அவை அடிக்கடி படுத்துக்கொள்ளும், அதனால் பைத்தான் நிரலில் ஒரு குறையும் இல்லாமலே சோதனை தோற்றுப்போகும். பராமரிப்பவர்களுக்கு எரிச்சல் வந்ததில் ஆச்சரியமில்லை.

இப்போது உங்களுக்கு மூன்று வழி. பைத்தான் 3.12-ஐத் தனியாக நிறுவி அதில் ஓட்டலாம், 2028 அக்டோபர் வரை அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அல்லது ஸ்டாண்டர்ட்-என்என்டிபிலிப் என்ற பெயரில் பிப் களஞ்சியத்தில் இருக்கும் மறுபதிப்பை நிறுவலாம், இறக்குமதி செய்யும் வரியைக்கூட மாற்றவேண்டாம். மூன்றாவது வழி, 3.12-இலிருந்து அந்த ஒற்றை ஃபைலை மட்டும் எடுத்து உங்கள் ஃபோல்டரில் போட்டுக்கொள்வது. முழுக்கப் பைத்தானிலேயே எழுதியது என்பதால் ஓடும். ஆனால் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள்: ஃபைலின் மேல்பகுதியில் வார்னிங்ஸ் மாட்யூலை அழைத்து ‘3.13-இல் நீக்கப்படும்’ என்று சொல்லும் ஒரு வரி இருக்கிறது. 3.13-இல் அது வெறும் எச்சரிக்கையாக நிற்காது, பிழையாக வெடிக்கும். அந்த வரியை அடித்துவிடுங்கள். நான் ஏற்காட்டில் என் வீட்டு மெஷினில் இப்படித்தான் வைத்திருக்கிறேன், ஃபைல் நம் கையில் இருந்தால் திறந்து பார்க்கவும் மாற்றவும் வசதி.

சரி, அடுத்ததுக்குப் போகும் முன் ஒரு வேலை. நூலகத்தை மூடி வைத்துவிட்டு, சர்வரோடு ஒருமுறை கையாலேயே பேசுங்கள். இதைச் செய்யாமல் இந்த நூலகத்தைப் பிடித்தால் கடைசிவரை இருட்டில் துழாவுவதுதான். என்என்டிபி என்பது நியூஸ் சர்வர்களோடு பேசும் மொழி, 1986 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 977 என்ற இணைய ஆவணமாக வந்த நெறிமுறை, 2006-இல் ஆர்எஃப்சி 3977 ஆகப் புதுப்பித்தார்கள். மனிதன் படிக்கக்கூடிய வரிகளால் ஆனது. நீங்கள் ஒரு வரி அனுப்பினால், சர்வர் மூன்று இலக்க எண்ணோடு ஒரு வரி திருப்பி அனுப்பும். லினக்ஸ் கெர்னல் மடல்களைக் காப்பகப்படுத்தும் என்என்டிபி.லோர்.கெர்னல்.ஆர்க் சர்வருக்குப் பதிவுப் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டாம், அங்கே போர்ட் 119-க்கு டெல்நெட் அடியுங்கள். 201 என்று தொடங்கும் வரவேற்பு வரும். 200 என்றால் இங்கே பதிவு போடலாம், 201 என்றால் படிக்க மட்டும். குரூப் என்று எழுதி ஒரு குழுவின் பெயரைக் கொடுத்தால் 211, பின்னால் மூன்று எண்கள், கடைசியில் குழுவின் பெயர். பெயர் தப்பென்றால் 411. ஆர்ட்டிகிள் என்று ஓர் எண்ணைக் கொடுத்தால் 220 வந்து, பதிவு முழுக்கக் கொட்டி, தனி வரியில் ஒரே ஒரு புள்ளியோடு முடியும். பதிவுக்குள்ளேயே ஒரு வரி புள்ளியில் ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். அனுப்புகிறவர் முன்னால் இன்னொரு புள்ளி சேர்ப்பார், வாங்குகிறவர் அதைக் கழற்றுவார். நூலகம் இதைத் தானாகச் செய்கிறது. நீங்களே சாக்கெட் திறந்து எழுதினால் நீங்கள்தான் செய்யவேண்டும், மறந்தால் எங்கோ ஒரு பதிவில் மட்டும் ஒரு புள்ளி கூடுதலாக நின்று உங்களைப் பைத்தியமாக்கும்.

மறையாக்கம் உள்ள சர்வர் என்றால் போர்ட் 563, அதற்கு ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியின் எஸ்-கிளையண்ட் வேண்டும். அதில் ஒரு கூத்து: பெரிய எழுத்து க்யூ-வில் ஒரு வரியை ஆரம்பித்தால் சர்வருக்குப் போகாமல் கருவியே இணைப்பை மூடிவிடும், பெரிய ஆர்-இல் ஆரம்பித்தாலும் வேறு எதையோ செய்யும். சின்ன எழுத்தில் அடியுங்கள், என்என்டிபி கட்டளைகளுக்குப் பெரிசு சின்ன பேதம் கிடையாது.

இப்படி ஒரு பதினைந்து நிமிடம் பேசிவிட்டு நூலகத்துக்கு வந்தால், அது இந்த உரையாடலின் மேல் போர்த்திய மெல்லிய துணி என்பது தெரிந்துவிடும். குரூப் என்ற செயற்கூறு குரூப் கட்டளையை அனுப்புகிறது, ஓவர் என்ற செயற்கூறு தலைப்புகளின் (அனுப்பியவர், சப்ஜெக்ட், தேதி போன்ற ஹெடர் வரிகள்) சுருக்கத்தை மொத்தமாக வாங்குகிறது. 4-இல் தொடங்கும் பதில் எல்லாம் தற்காலிகப் பிழை என்ற விதிவிலக்காகவும், 5-இல் தொடங்குபவை நிரந்தரப் பிழையாகவும் எழும். இங்கே பெயரை நம்பி ஏமாறாதீர்கள். 423 என்றால் அந்த எண்ணில் பதிவு இல்லை, 430 என்றால் அந்த மெசேஜ்-ஐடியில் (பதிவின் தனி அடையாளம்) பதிவு இல்லை. இரண்டுமே ‘தற்காலிகம்’ என்றுதான் வரும், அதற்காக மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருந்தால் காலம் பூராவும் இல்லைதான். 480 என்றால் முதலில் உள்ளே நுழையச் சொல்கிறது. 400 வந்தால்தான் உண்மையிலேயே கொஞ்சம் பொறுத்துவிட்டு மறுபடி போகவேண்டும். ஆகவே விதிவிலக்கைப் பிடித்ததும் முதல் மூன்று எழுத்தைப் பார்த்து முடிவெடுங்கள்.

குரூப் பதிலில் வரும் மூன்று எண்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். முதல் எண் தோராயமான மொத்தம், இரண்டாவது இருப்பதிலேயே சிறிய பதிவு எண், மூன்றாவது பெரிய எண். சிறியதிலிருந்து பெரியதுவரை ஒவ்வொரு எண்ணிலும் பதிவு இருக்கும் என்று எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை. ரத்தானவை, காலாவதியானவை, குப்பை என்று நீக்கப்பட்டவை எல்லாம் ஓட்டைகளாக இருக்கும். உங்கள் நிரல் ஒவ்வோர் எண்ணாக ஆர்ட்டிகிள் கேட்கிறது, முதல் ஓட்டையிலேயே 423 வாங்கிச் செத்துவிடுகிறது. பாதியில் நிற்பதற்கு அதுவே பெரிய காரணமாக இருக்கவேண்டும். ஓவர் கட்டளையில் ஐந்நூறு ஐந்நூறாகச் சுருக்கத்தை வாங்கி, அதில் உண்மையில் இருக்கும் எண்களுக்கு மட்டும் பதிவைக் கேளுங்கள். இன்னொரு குழி: எல்லாக் குழுக்களின் பட்டியலைக் கேட்கும்போது பெரிய எண் முதலில் வரும், சிறியது பின்னால். குரூப் பதிலில் நேர் எதிர். நெறிமுறையே அப்படித்தான், நூலகமும் அதே வரிசையில் அப்படியே கொடுத்துவிடும்.

அதைவிட முக்கியம், அந்த எண் அந்த ஒரு சர்வருக்கு மட்டுமே சொந்தம். லாரி ஆபீஸ் தெரியும் அல்லவா? செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மூட்டையை புக் பண்ணினால் எல்.ஆர். நம்பர் கொடுப்பார்கள், மூட்டை எந்த ஊருக்குப் போனாலும் அந்த நம்பர் கூடவே போகும். வழியில் ஒவ்வொரு குடோனிலும் அவரவர் பேரேட்டில் ஒரு வரிசை எண் போட்டுக்கொள்வார்கள், அது அந்தக் குடோனோடு சரி. யூஸ்நெட்டிலும் பதிவு ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறிக் கைமாறித்தான் பரவுகிறது. மெசேஜ்-ஐடி என்று கோண அடைப்புக்குள் வருகிறதே, அதுதான் எல்.ஆர். நம்பர். பதிவு எண் குடோன் பேரேடு. நான் இதைப் பாடமாகக் கற்றது இப்படி: ஒரு சர்வரிலிருந்து புதுப் பதிவுகளைத் தினம் இறக்க ஒரு நிரல் வைத்திருந்தேன், கடைசியாகப் பார்த்த எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளும். அவர்கள் ஒருநாள் சேமிப்பை மாற்றி எண்களை மறுபடி 1-இலிருந்து போட்டுவிட்டார்கள். என்னிடம் இருந்த எண் பெரிது, அங்கே இருந்தது சிறிது, நிரல் ‘புதிதாக ஒன்றும் இல்லை’ என்று இரண்டு மாதம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது மெசேஜ்-ஐடிதான் என் டேட்டாபேஸில் முதன்மைச் சாவி. சர்வரின் பெரிய எண் நான் குறித்ததைவிடச் சிறிதாக இருந்தால் உடனே சத்தம் போடச் சொல்லியிருக்கிறேன்.

பாதியில் நிற்பதற்கு இன்னும் இரண்டு காரணம் உண்டு. ஒன்று, நூலகம் ஒரு வரிக்கு 2048 பைட் என்று எல்லை வைத்திருக்கிறது. நீண்ட விவாதம் ஒன்றில், முந்தைய பதிவுகளின் மெசேஜ்-ஐடிகளை அடுக்கும் ரெஃபரன்சஸ் தலைப்பு முன்னோர் பட்டியல் மாதிரி நீண்டுகொண்டே போகும், ஓவர் சுருக்கத்தில் எல்லாம் ஒரே வரியில் வரும்போது எல்லையைத் தாண்டி ‘வரி மிக நீளம்’ என்று பிழை விழும். மாட்யூலுக்குள் மேக்ஸ்லைன் என்ற பெயரில், முன்னால் அடிக்கோடு போட்டு, ஒரு மாறி இருக்கிறது. இணைப்பைத் திறக்கும் முன் அதை ஒரு லட்சம் என்று வையுங்கள். அழகான வைத்தியம் இல்லை, ஆனால் வேலை செய்யும்.

இரண்டாவது காரணம் எங்கள் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே, மழை மாதத்தில் பனி இறங்கினால் கரண்ட் போகும், கரண்ட் போனால் லைன் போகும். இணைப்பைத் திறக்கும்போது டைம்அவுட் கொடுக்கவில்லை என்றால் நூலகம் பதிலுக்காக முடிவே இல்லாமல் காத்திருக்கும். பிழையும் வராது, நகரவும் நகராது. இரவு பத்து மணிக்கு ஓடவிட்டுப் படுத்துக் காலையில் எழுந்து பார்த்தால் பத்தேகாலுக்கு வந்த பதிவிலேயே நிற்கும். முப்பது வினாடி கொடுங்கள், ஒவ்வொரு ஐந்நூறுக்கும் பிறகு டேட்டாபேஸில் எழுதுங்கள், அறுந்தால் மறுபடி இணைந்து குரூப் கட்டளையை மறுபடி கொடுத்துத் தொடருங்கள். குரூப் கொடுக்காமல் எண்ணைக் கேட்டால் 412 வரும், புது இணைப்புக்குப் பழைய குழு நினைவிருக்காது. மறையாக்க இணைப்புக்கு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: எஸ்எஸ்எல் கான்டெக்ஸ்டை (மறையாக்க அமைப்புகளின் தொகுப்பு) நீங்களே உருவாக்கிக் கொடுக்கவில்லை என்றால் இந்த நூலகம் சர்வரின் சான்றிதழைச் சரிபார்ப்பதே இல்லை. கடவுச்சொல் அனுப்பும் இடத்தில் அது நல்லதல்ல.

இனி எழுத்து. உங்கள் ப்ராஜெக்டே இதில்தான் இருக்கிறது, அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

பதிவின் உடலை நூலகம் பைட்டுகளாகத்தான் கொடுக்கிறது, வரிவரியாக, வரிமுடிவைக் கழற்றிவிட்டு. அதை உடனே எழுத்தாக மாற்றாதீர்கள், அப்படியே சேமியுங்கள். பிழை வராமல் இருக்கட்டும் என்று ரிப்ளேஸ் போட்டு யுடிஎஃப்-8 ஆக மாற்றினால் புரியாத பைட் ஒவ்வொன்றும் ஒரே கேள்விக்குறிக் கட்டமாகிவிடும், பிறகு எந்த மந்திரவாதி வந்தாலும் திருப்ப முடியாது. ஓவர் தரும் தலைப்புகளை மட்டும் நூலகம் யுடிஎஃப்-8 ஆக மாற்றிக் கொடுக்கும், புரியாத பைட்டுகளைச் சரோகேட் என்ற ஒளித்துவைக்கும் முறையில் உள்ளே வைத்திருக்கும். அதைத் திரையில் அச்சிட்டாலோ ஃபைலில் எழுதினாலோ ‘சரோகேட் கூடாது’ என்று பைத்தான் கத்தும். பயப்படவேண்டாம், தகவல் தொலையவில்லை. யுடிஎஃப்-8, சரோகேட்எஸ்கேப் என்று சொல்லி மறுபடி பைட்டாக்கினால் மூலப் பைட்டுகள் அப்படியே கிடைக்கும்.

அந்தப் பைட்டுகளில் என்ன இருக்கும்? தொண்ணூறுகளில் நிறையப் பேர் ரோமன் எழுத்திலேயே தமிழ் எழுதினார்கள். அந்தப் பதிவுகளில் 127-க்கு மேல் ஒரு பைட்டும் இருக்காது, சுலபமாகப் பிரித்துவிடலாம். தமிழ் எழுத்திலேயே எழுதியவர்கள் யூனிகோட் பரவும்வரை ஆளுக்கொரு எழுத்துருக் குறியாக்கம் வைத்திருந்தார்கள்: மயிலை, 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப், அப்புறம் இணையக் குழுக்களில் வலுவாக வேர்விட்ட டிஸ்கி. டிஸ்கியில் முதல் 128 இடம் வழக்கமான ஆங்கிலம், மேல் 128-இல் தமிழ் வடிவங்கள். பதிவின் தலைப்பில் எழுத்துத் தொகுதி என்று பார்த்தால் ‘எக்ஸ்-யூசர்-டிஃபைன்ட்’ என்றோ ஐரோப்பியத் தொகுதியின் பெயரோ இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. நீங்கள் பார்த்த கொம்பு வைத்த எழுத்துகள் அநேகமாக இதுதான்: டிஸ்கிப் பைட்டுகளை லத்தீன்-1 என்ற ஐரோப்பியத் தொகுதி என்று நினைத்துக் காட்டியது.

நான் செய்யும் வரிசை இது. உயர் பைட் (127-க்கு மேல்) இல்லையா, பெரும்பாலும் ரோமன் அல்லது ஆங்கிலம். இருக்கிறதா, முதலில் கண்டிப்பான யுடிஎஃப்-8 ஆக முயற்சி. தப்பித் தவறி டிஸ்கிப் பத்தி ஒன்று செல்லுபடியாகும் யுடிஎஃப்-8 ஆக அமைவது மிக அரிது. தோற்றால் டிஸ்கி என்று வைத்து மாற்றிப் பார்ப்பது. பைத்தானில் டிஸ்கிக்குக் கோடெக் (குறியாக்க மாற்றி) கிடையாது, ஆனால் லினக்ஸில் இருக்கும் ஐகான்வ் கருவிக்கு டிஸ்கி தெரியும். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்திலும் டிஸ்கியை யூனிகோடாக்கும் பகுதி இருக்கிறது, விண்டோஸில் வேலை செய்கிறவர்களுக்கு அது வசதி. நீங்களே பட்டியல் போட்டு ஒவ்வொரு பைட்டையும் மாற்றலாம் என்று இறங்காதீர்கள். டிஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதப்படுவது. ‘கொ’ என்றால் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோடில் க முதலில், உயிர்க்குறி பின்னால். நேருக்கு நேர் மாற்றினால் கொம்புகள் எல்லாம் பக்கத்து எழுத்தின் மேல் ஏறி உட்காரும். மாற்றிய பிறகு உண்மையிலேயே தமிழ்தானா என்று சோதிக்க, கால், கொம்பு, புள்ளி ஆகியவை மெய்யெழுத்து இல்லாமல் அநாதையாக எத்தனை இடத்தில் நிற்கின்றன என்று எண்ணுங்கள். நிறைய இருந்தால் அது டிஸ்கி இல்லை, மற்ற எழுத்துருக்களில் ஒன்று. அவற்றைத் தனியாக ஒதுக்கிவைத்துக் கண்ணால் பாருங்கள், அதற்குக் குறுக்கு வழி எனக்கு அகப்படவில்லை.

பதிவு போடுவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். ஃப்ரம், நியூஸ்குரூப்ஸ், சப்ஜெக்ட் மூன்று தலைப்பும் கட்டாயம், தேதியையும் மெசேஜ்-ஐடியையும் சர்வரே போட்டுக்கொள்ளும். தமிழில் எழுதினால் எழுத்துத் தொகுதி யுடிஎஃப்-8 என்று சொல்லுங்கள், சப்ஜெக்டை மைம் முறையில் (ஆங்கிலம் அல்லாத எழுத்தைத் தலைப்பில் அனுப்பும் வழி) மடியுங்கள், இரண்டையும் பைத்தானின் ஈமெயில் தொகுப்பு செய்யும். 340 வந்தால் அனுப்பு என்று அர்த்தம், 240 வந்தால் வாங்கிக்கொண்டது, 441 வந்தால் பக்கத்திலேயே காரணம் எழுதியிருக்கும். சோதனை எல்லாம் ஆல்ட்.டெஸ்டில் மட்டும். எடர்னல் செப்டம்பர் என்று ஓர் இலவச சர்வர் உண்டு, பதிவு செய்தால் போதும். அந்தப் பெயரே உங்களைப் போன்ற மாணவர்களால் வந்தது: முன்பெல்லாம் அமெரிக்காவில் செப்டம்பர் மாதம் கல்லூரி திறந்ததும் புதுப் பிள்ளைகள் யூஸ்நெட்டுக்குள் வந்து கொஞ்ச நாள் ரகளை செய்து அடங்குவார்களாம், 1993 செப்டம்பருக்குப் பிறகு புதியவர்கள் வரத்து நிற்கவே இல்லை, அந்தச் செப்டம்பர் முடியவே இல்லை.

கடைசியாக, கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் தேடும் தொண்ணூறுகளின் பதிவுகளை இந்த வழியில் பெரும்பாலும் பிடிக்க முடியாது. சர்வர்கள் ஒரு கால எல்லைக்குப் பின்னால் பழையதைக் கழித்துவிடும், குரூப் பதிலில் வரும் சிறிய எண்ணின் தேதியை எடுத்துப் பாருங்கள், அங்கேயே விடை தெரிந்துவிடும். கூகுள் குழுமங்கள் 2024 பிப்ரவரி 22-ஆம் தேதியோடு யூஸ்நெட்டில் புதுப் பதிவுகளை வாங்குவதையும் அனுப்புவதையும் நிறுத்திவிட்டது. பழையவற்றை அங்கே பார்க்கலாம், நிரலால் அள்ள வசதி இல்லை. இன்டர்நெட் ஆர்க்கைவில் யூஸ்நெட் தொகுப்புகள் எம்பாக்ஸ் வடிவில் (பல மடல்களை ஒரே ஃபைலில் அடுக்குவது) இருக்கின்றன, சாக் பிரிவில் தேடுங்கள். அதைத் திறக்க பைத்தானோடு வரும் மெயில்பாக்ஸ் மாட்யூல் போதும், அதை யாரும் நீக்கவில்லை. மேலே சொன்ன எழுத்துச் சோதனை அதற்கும் அப்படியே பொருந்தும். ஃப்ரம் என்ற சொல்லில் ஆரம்பிக்கும் உடல் வரிகளுக்கு முன்னால் ஒரு கோண அம்பு சேர்ந்திருக்கும், அது எம்பாக்ஸின் பழக்கம், பதிவை எழுதினவர் போட்டது அல்ல. முதலில் ஒரே ஒரு ஆண்டை எடுத்து, ரோமன் எத்தனை, டிஸ்கி எத்தனை, யூனிகோட் எத்தனை, ஒதுக்கியது எத்தனை என்று எண்ணி அனுப்புங்கள். ஒதுக்கிய குவியலில் பத்துப் பதிவுகளைப் பைட்டாகவே இணைத்தால் நானும் உட்கார்ந்து பார்க்கிறேன்.